தோத்த டீமுல முப்பது போட்டா என்னவாம்?

"தோத்த டீமுல முப்பது போட்டா என்ன, மூணு போட்டா என்ன?" திண்டுக்கல் பக்கம் கூடைப்பந்து பேசுகிறவர்கள் அடிக்கடி எடுத்து வீசுகிற பேச்சு இது. தாடிக்கொம்பில் சாயங்காலம் பந்து தட்டும் பையன்கள் சொல்வார்கள். மே மாதம் பெரியகுளத்தில் நடக்கும் அகில இந்தியப் போட்டியைப் பார்க்க வத்தலகுண்டு வழியாக பஸ் பிடித்துப் போய் காலரியில் உட்காரும் பெரியவர்களும் சொல்வார்கள். சொல்லி முடித்ததும் வழக்கே தீர்ந்துவிட்ட மாதிரி அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். வழக்கு தீரவில்லை. சரியாக விசாரிக்கப்படவே இல்லை என்பது என் கட்சி.

இந்தப் பேச்சுக்கு அதிகம் அடிபட்டவர் கீது அன்னா ஜோஸ். கோட்டயம் பக்கத்துப் பெண், 1985-இல் பிறந்தவர், உயரம் ஆறடி இரண்டு அங்குலம். வேலை கொடுத்தது சென்னையில் தெற்கு ரயில்வே. அதனால் ஆட்டக்காலத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டு மைதானங்களில்தான் கழிந்தது. இந்திய அணிக்குத் தலைமை ஏற்றார். ஆஸ்திரேலியாவில் காசு வாங்கிக்கொண்டு ஆடினார். அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுக்குப் போன முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். 2014-இல் அர்ஜுனா விருது. அவர் ஆடிய காலத்தில் இந்தியப் பெண்கள் அணி புள்ளிக்கு நம்பி நின்றது அவரைத்தான்.

அவர்மேல் மூன்று குற்றச்சாட்டு. அவர் போட்ட புள்ளிகளால் இந்தியா எதையும் வெல்லவில்லை என்பது முதலாவது. உயரம் இருந்தது, போட்டார், இதில் திறமை எங்கே என்பது அடுத்தது. அமெரிக்கா போய்ச் சும்மா திரும்பி வந்தவர்தானே என்பது மூன்றாவது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் நான்காவதாக ஒன்றையும் சேர்ப்பார்கள்: ஒரே ஆள் எல்லாப் பந்தையும் போட்டால் மற்றவர்கள் எப்படி வளர்வார்கள்?

முதல் குற்றச்சாட்டுக்குப் பதில் கூடைப்பந்துக் களத்திலேயே இல்லை, சேப்பாக்கத்தில் இருக்கிறது. 1999 ஜனவரி, பாகிஸ்தானோடு டெஸ்ட். வெற்றிக்கு 271 ஓட்டம் வேண்டும். முதுகுவலியோடு நின்று சச்சின் 136 எடுத்தார். அவர் போனதும் மிச்ச விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன, 12 ஓட்டத்தில் இந்தியா தோற்றது. ஆட்ட நாயகன் விருது சச்சினுக்குத்தான் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்த 136-ஐப் பற்றிக் கேட்டால் நம் ஊரில் நாற்பது தாண்டிய ஆண்கள் கண்கலங்கப் பேசுவார்கள். "தோத்த டீமுல 136 அடிச்சா என்ன, 6 அடிச்சா என்ன" என்று நத்தத்தில் டி.என்.பி.எல். பார்க்கப் போகும் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அடி விழும். தோல்விக்குள்ளேயும் ஒரு தனி ஆட்டத்தின் மதிப்பைப் பார்க்கத் தெரிந்த ஜனம்தான் நாம். அந்தக் கண்ணைக் கிரிக்கெட்டுக்கு மட்டும் திறந்து வைத்திருக்கிறோம். பெண்கள் ஆடும் கூடைப்பந்து என்றால் வெற்றியா தோல்வியா என்ற ஒற்றைக் கேள்வியோடு மூடிக்கொள்கிறோம்.

சரி, அந்த ஒற்றைக் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். கீது எதையும் வெல்லவில்லையா? உள்நாட்டில் இந்திய ரயில்வே பெண்கள் அணி தேசியக் கோப்பையைத் திரும்பத் திரும்பத் தூக்கிய காலம் அது. அந்த அணிக்கு வளையத்தடியில் நின்று ஆடியவர் கீது. வெல்லாதவர் என்ற பேச்சு இங்கேயே உடைகிறது. "அது உள்ளூர்ப் போட்டி" என்று எதிர்த்தரப்பு நழுவும். நழுவட்டும், ஆசியாவுக்கே போவோம்.

சேப்பாக்கத்தில் சச்சின் நின்று பத்தாண்டு கழித்து, அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரம்கூட இல்லாத நேரு உள்விளையாட்டு அரங்கில், 2009 செப்டம்பரில் பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்தது. சென்னையில் ஆசியாவே வந்து ஆடியது என்பது நம்மில் பலருக்கு இன்றைக்கும் தெரியாது, அது தனிக் கதை. அந்தப் போட்டியில் அப்போது அணிகளை இரண்டு நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் ஆறே அணிகள். சீனா, கொரியா, ஜப்பான், சீன தைபே, தாய்லாந்து, இந்தியா. இந்தியா ஆறாவது. "கடைசி" என்று அப்போது நம் ஆட்கள் சிரித்தார்கள். கடைசிதான், ஆனால் எதில் கடைசி? கீழ் நிலையில் இருக்கிற அணிகளெல்லாம் எட்டிப் பிடிக்கத் தவிக்கிற வட்டத்துக்குள் கடைசி. முதல் நிலையின் கடைசி அணிகள் கீழ் நிலையில் முன்னே வந்தவர்களோடு மோதித் தங்கள் இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. இந்தியா காப்பாற்றிக்கொண்டது. 2011-இல் ஜப்பானிலும் முதல் நிலையில்தான் ஆடியது, 2013-இல் பாங்காக்கிலும் அப்படியே. பாங்காக்கில் ஐந்தாவது இடம். முன்னே நின்ற நான்கும் ஜப்பான், கொரியா, சீனா, சீன தைபே. பள்ளிக்கூடத்தில் பெண் பிள்ளைக்குப் பந்து வாங்கித் தர யோசிக்கிற நாடு, இந்த நான்குக்கும் அடுத்தபடியாக வந்து நின்றது.

இந்த இடத்தில் கீதுவோடு இன்னொரு பெயரையும் சொல்லாமல் போனால் பாவம். அனிதா பால்துரை, சென்னைப் பெண். அவரும் 1985 ஜூனில்தான் பிறந்தார், அவரும் தெற்கு ரயில்வேதான். பத்தொன்பது வயதில் இந்திய அணியின் தலைவியானவர். 2000 முதல் 2017 வரை, இடையில் பிள்ளை பெற்று மறுபடி வந்தும், நாட்டுக்கு ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பந்தை மேலே கொண்டுவருவது அனிதா, உள்ளே வாங்கிப் போடுவது கீது. பந்து கொண்டுவருகிறவருக்கும் போடுகிறவருக்கும் ஒரே ரயில்வே பயிற்சிக் களம் என்பது இந்திய அணிக்கு வாய்த்த அதிர்ஷ்டம். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல.

பிறகு என்ன நடந்தது? 2017 வந்தபோது கீது அணியில் இல்லை, இந்தியா இரண்டாம் பிரிவில் இருந்தது. அந்த ஆண்டு பெங்களூரில் கஜகஸ்தானை 75-73 என்று வென்று மேலே ஏறியது. 2019-இல் எட்டு அணிகளில் எட்டாவது, 2021-இல் ஜோர்டானில் மறுபடி எட்டாவது, மறுபடி கீழே. ஒருவர் போனதால் மட்டும் இது நடந்தது என்று நான் எழுதினால், எதிர்த்தரப்பு செய்கிற அதே பிழையை நானும் செய்தவனாவேன். போட்டியின் அமைப்பு மாறியது, மற்ற நாடுகள் வளர்ந்தன. ஆனால் "அவர் இருந்ததால்தான் அணி முன்னேறவில்லை" என்கிறவர்கள் இந்த வரிசையைக் கண்திறந்து படிக்க வேண்டும். அவர் நகர்ந்த பிறகு மற்றவர்கள் செழித்து வளர்ந்ததாக அதில் எங்கேயும் தெரியவில்லை.

இப்போது ஆட்டத்துக்குள் போவோம். தோற்கும் அணியில் புள்ளி எடுப்பது சுலபம் என்று நினைக்கிறவர்கள் வளையத்தடியில் நின்று பார்த்ததில்லை.

நல்ல அணியொன்றில் உள்ளே நிற்கும் பெரிய ஆளுக்குப் பந்து போகிறது என்று வையுங்கள். எதிரணி இரண்டாவது ஆளையும் அனுப்பி மடக்குகிறது. உடனே பந்து வெளியே போகும். விடுபட்டு நிற்கிறவர் எறிவார், விழும். இரண்டு முறை இப்படி விழுந்தால் எதிரணிப் பயிற்சியாளர் கத்துவார், மடக்க வந்த ஆள் தன் இடத்துக்கு ஓடிவிடுவார். உள்ளே நிற்கிறவருக்கு மறுபடி ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம். பலவீனமான அணியில் இதெல்லாம் நடக்காது. வெளியே போன பந்தை எறிகிறார்கள், வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. எதிரணிக்கு என்ன பயம்? இரண்டு பேர் கடைசிவரை உள்ளேயே நிற்பார்கள், சில நேரம் மூன்று பேர். வர்ணம் அடித்த பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கவும் கூடாது. உள்ளே போய், வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், முதுகில் ஒரு முழங்கையும் விலாவில் ஒரு முழங்கையும் வாங்கிக்கொண்டு, வருமா வராதா என்று தெரியாத ஒரு பாஸுக்குக் கை நீட்டி நிற்க வேண்டும். அந்த நிலையில் சீனாவுக்கு எதிராக எடுத்த இருபது புள்ளி, வென்ற அணியில் எடுத்த இருபதைவிடக் கனமானது. தோற்ற அணியில் எறிய அதிக வாய்ப்பு கிடைக்கும் என்பது உண்மைதான். கிடைப்பதெல்லாம் கெட்ட வாய்ப்பு.

உயரக் கதைக்கு வருகிறேன். சிரிப்பு வருகிற குற்றச்சாட்டு இது. ஆறடி இரண்டு அங்குலம் என்பது தாடிக்கொம்புக் கடைவீதியில் நடந்தால் திரும்பிப் பார்க்க வைக்கும் உயரம். ஆசியக் களத்தில் நடு ஆட்டக்காரருக்கு அது குட்டை. கொரியாவின் ஹா உன் ஜூ 202 சென்டிமீட்டர், ஆறடி ஏழரை அங்குலம். சீனாவின் சென் நானும் ஆறடி ஐந்துக்கு மேல். தன்னைவிட அரையடி வரை உயர்ந்த பெண்களின் தலைக்கு மேலே பந்தை அனுப்பிப் புள்ளி எடுத்தவரிடம் "உனக்கு உயரம் இருந்தது" என்று சொல்கிறோம். உயரம் இருந்தது எதிரே நின்றவருக்கு.

உயரம் மட்டுமே போதும் என்றால் பஞ்சாபின் சத்னாம் சிங் இன்றைக்கு எங்கே இருந்திருக்க வேண்டும்? ஏழடி இரண்டு அங்குலம். 2015-இல் டாலஸ் மாவெரிக்ஸ் அவரை 52-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் பெயர் வந்த முதல் இந்தியர். என்.பி.ஏ. ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை, பிறகு மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கைவேலை, கால்வேலை, பந்து வருமுன்னே இடத்தைப் பிடிக்கும் புத்தி, இதெல்லாம் சேராமல் உயரம் தனியாகப் புள்ளி போடாது என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கள். சத்னாமை நம் பையன்கள் "என்.பி.ஏ. வரைக்கும் போனவர்" என்பார்கள். கீதுவை "அமெரிக்கா போய்த் திரும்பி வந்தவர்" என்பார்கள். இரண்டு பேரும் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. ஒருவருக்குப் போனது கணக்கில் வருகிறது, மற்றவருக்குத் திரும்பி வந்ததுதான் கணக்கு. ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்கக் கதையின் கணக்கையும் போட்டுவிடுவோம். 2011-இல் சிகாகோ ஸ்கை, லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பார்க்ஸ், சான் அன்டோனியோ சில்வர் ஸ்டார்ஸ் ஆகிய மூன்று அணிகள் கீதுவைக் கூப்பிட்டுச் சோதித்துப் பார்த்தன. அன்றைக்கு டபிள்யூ.என்.பி.ஏ.வில் இருந்ததே 12 அணிகள், அணிக்கு 11 பேர். உலகம் முழுமைக்கும் சேர்த்து 132 நாற்காலி. அமெரிக்கக் கல்லூரிகளில் நான்கு ஆண்டு பெரிய அரங்குகளில் ஆடிவிட்டு வருகிற பெண்கள் உள்பட அப்போது ஆண்டுதோறும் 36 பேர் தேர்வில் எடுக்கப்பட்டார்கள், அவர்களிலேயே பலருக்கு இடம் கிடைக்கவில்லை. சிகாகோவில் வளையத்தடி சில்வியா ஃபவுல்ஸ் கையில் இருந்தது, ஆறடி ஆறு அங்குலம். லாஸ் ஏஞ்சல்ஸில் கேண்டேஸ் பார்க்கர். இந்த வாசலில் போய் நின்றவர், பெண்களுக்கென்று ஒரு தொழில்முறை லீக்குகூட இல்லாத நாட்டிலிருந்து போனவர். அலுவலகமும் பயிற்சியும் தேசியப் போட்டியுமாக வளர்ந்தவர். மூன்று அணிகள் கூப்பிட்டன என்பதில்தான் செய்தி இருக்கிறது. எடுக்கவில்லை என்பதைத் தலைப்பாக்கியது நாம்.

ஆஸ்திரேலியாவை யாரும் பேசுவதே இல்லை. 2006-இல் மெல்போர்னில் காமன்வெல்த் விளையாட்டு நடந்தது, கூடைப்பந்து முதன்முறையாக அதில் சேர்க்கப்பட்டிருந்தது. இந்தியப் பெண்களுக்குப் பதக்கம் இல்லை. அதே ஆண்டில் அதே மெல்போர்னின் கிழக்குப் பகுதியில் இருக்கும் ரிங்வுட் ஹாக்ஸ் மன்றம் கீதுவை ஆட எடுத்துக்கொண்டது. 2008 வரை விக்டோரியா மாநில லீக்கில் அவர்களுக்காக ஆடினார். பதக்கம் வாங்காத அணியிலிருந்து ஓர் ஆளைக் காசு கொடுத்து ஏன் எடுக்க வேண்டும்? "தோத்த டீமுல முப்பது போட்டா என்ன" என்று அவர்கள் கேட்கவில்லை, அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஆள் சுயநலக்காரியாக இருந்தால் ஒரு பருவத்தோடு ஊருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இவரைத் தொடர்ந்து கூப்பிட்டார்கள்.

இந்த வழக்கு கீதுவோடு தொடங்கியதும் இல்லை. புள்ளி குவிக்கிற யாரையும் உலகம் முதலில் சந்தேகப்பட்டே பார்த்திருக்கிறது. அந்தச் சந்தேகத்தின் மூல விக்கிரகம் அமெரிக்க ஆட்டக்காரர் வில்ட் சேம்பர்லின்.

1962 மார்ச் 2. பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி என்ற சிற்றூர். பிலடெல்பியா வாரியர்ஸுக்காக, நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக, ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி. பார்த்தவர்கள் 4,124 பேர், ஆட்டத்தைக் காணொளியாகப் பதிந்தவர் யாருமில்லை. களத்திலிருந்து 63 எறிந்து 36 விழுந்தது, ஃப்ரீ த்ரோ 32-க்கு 28. எதிராளிகள் சொல்வது எனக்குத் தெரியும். நிக்ஸின் வழக்கமான நடு ஆட்டக்காரர் அன்றைக்கு இறங்கவில்லை, வந்த மாற்று ஆள் ஃபவுலில் மாட்டினார், கடைசி நிமிடங்களில் வாரியர்ஸ் பந்தைத் திரும்பப் பெறுவதற்காகவே ஃபவுல் செய்தார்கள், நூறைத் தொட வைக்கத்தான் எல்லோரும் ஆடினார்கள். ஒப்புக்கொள்கிறேன், அந்த இரவை விட்டுவிடுங்கள். அந்தப் பருவம் முழுக்க 80 ஆட்டத்தில் 4,029 புள்ளி, ஆட்டத்துக்குச் சராசரி 50.4. அதையும் எல்லோரும் சேர்ந்து ஆடிக் கொடுத்தார்களா? உயரம்தான் காரணமா? அதே பருவத்தில் ஆறடி பதினொரு அங்குல வால்ட் பெல்லமியும் ஆடினார். அவர் சராசரி 31.6. நல்ல ஆட்டக்காரர்தான், சில அங்குலம்தான் குறைவு. பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தை அந்தச் சில அங்குலத்தில் எப்படி அடைப்பீர்கள்?

"ஆனால் வில்ட் கோப்பை எடுத்தது எப்போது? எறிவதைக் குறைத்துக்கொண்ட பிறகு, 1967-இல்." இதுதான் அவர்களுடைய துருப்புச் சீட்டு. உண்மைதான். பயிற்சியாளர் அலெக்ஸ் ஹானம் சொன்னபடி வில்ட் எறிவதைக் குறைத்தார், சராசரி 24.1-க்கு இறங்கியது. அணி 68 வென்று 13 தோற்றது, கோப்பையும் வந்தது. ஆனால் அந்த அணியில் ஹால் க்ரீர், செட் வாக்கர், பில்லி கன்னிங்ஹாம் என்று வெளியே வந்த பந்தைப் போடத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். அடுத்த பருவத்தைச் சொல்லவே மாட்டார்கள். 1967-68-இல் வில்ட் இன்னும் நல்ல பிள்ளையாகி, லீக்கிலேயே அதிகமாக 702 அசிஸ்ட் கொடுத்தார். என்ன ஆனது? பாஸ்டனோடு 3-1 என்று முன்னிலையில் இருந்த தொடரில் அடுத்த மூன்று ஆட்டத்தையும் பறிகொடுத்தார்கள். பாஸ் கொடுத்தால் வெற்றி என்பதுதான் விதியென்றால் அந்த ஆண்டு எங்கே போனது அந்த விதி? இன்னும் பின்னால் போங்கள். 50.4 எடுத்த அந்த 1962-இல் பாஸ்டனோடு ஏழாவது ஆட்டம் 109-107. கடைசி விநாடிகளில் சாம் ஜோன்ஸ் எறிந்த ஒரு பந்து விழுந்ததால் வந்த தோல்வி. அது வளையத்தில் பட்டு வெளியே போயிருந்தால், புள்ளி குவிப்பதே வெல்லும் வழி என்று இன்றைக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு பந்தின் போக்கில் ஒருவருடைய குணத்தையே தீர்மானிக்கிறோம்.

நம் மொழிக்காரர் ஒருவரை வைத்தே இதைச் சொல்லலாம். ஆட்டம் வேறு, கூடைப்பந்தின் தங்கை என்று சொல்லத்தக்க வலைப்பந்து. யாழ்ப்பாணம் புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம். 208 சென்டிமீட்டர். 2019 லிவர்பூல் உலகக் கோப்பையில் எல்லா நாட்டவரையும்விட அதிகக் கோல் போட்டவர் அவர். இலங்கை முடித்த இடம் பதினாறில் பதினைந்து. வெற்று எண்ணிக்கை என்று சொல்லிவிடலாமா? அதற்கு முந்தைய ஆண்டுதான், 2018-இல், சிங்கப்பூரில் அதே தர்ஜினி போட்ட கோல்களால் இலங்கை ஆசியச் சாம்பியனானது, இறுதியாட்டம் 69-50. ஓர் ஆண்டில் கை மாறவில்லை, எதிரே நின்ற நாடுகள் மாறின. வலைப்பந்தில் வளையத்துக்குப் பின்னால் பலகையும் கிடையாது, பந்தைப் பிடித்த பிறகு ஓடவும் கூடாது, பிடித்த மூன்று விநாடிக்குள் எறிந்தாக வேண்டும். உயரம் பந்தைப் பிடிக்க உதவும். நின்ற இடத்திலிருந்து, பலகையின் தயவில்லாமல், வளையத்துக்குள் இறக்குவது விரலின் வேலை.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வெற்றுப் புள்ளி என்று ஒன்று உண்டு. இருபது புள்ளி பின்தங்கி, எதிரணி மாற்று ஆட்களை இறக்கிவிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் பத்து போட்டுக்கொண்டு, மறுநாள் பேப்பரில் பேர் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். முப்பது எறிந்து இருபது புள்ளி எடுத்துவிட்டு மார்தட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தடுக்க இறங்கி ஓடாமல் மறுமுனையிலேயே பந்துக்குக் காத்து நிற்கும் ஆட்களை நம் பள்ளிப் போட்டிகளிலேயே பார்க்கலாம். இவர்களைக் கண்டிக்க வேண்டும், நானும் கண்டிப்பேன். ஆனால் இவர்களை மற்றவர்களிலிருந்து பிரித்தறிய வேண்டும் என்றால், எத்தனை எறிந்தார், எத்தனை விழுந்தது, எந்த நேரத்தில் விழுந்தது, எத்தனை ரீபவுண்ட் எடுத்தார், எத்தனை முறை எதிரணியை ஃபவுலுக்குள் இழுத்தார் என்ற விவரம் கையில் வேண்டும். அணி தோற்றது என்ற ஒரே விவரத்தை வைத்துக்கொண்டு ஆளை எடைபோட முடியாது.

நம் பக்கத்துப் போட்டிகளில் அந்த விவரத்தை யாரும் எழுதி வைப்பதே இல்லை என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. மேசையில் நிரப்பப்படும் ஸ்கோர் ஷீட்டில் விழுந்த பந்து ஏறும், ஃபவுல் ஏறும், டைம் அவுட் ஏறும். எறிந்து விழாத பந்துக்கு அதில் இடமே கிடையாது. ரீபவுண்டுக்கும் அசிஸ்டுக்கும் இடமில்லை. அப்படியிருக்க, "அந்தப் பொண்ணு கண்டபடி எறியுது", "யாருக்கும் பாஸ் குடுக்கிறதில்ல" என்றெல்லாம் அடித்துச் சொல்கிறார்கள். சாட்சியே இல்லாத வழக்கில் தீர்ப்பு மட்டும் தயாராக இருக்கிறது.

அந்தத் தீர்ப்பு கீதுவை இனி எதுவும் செய்யாது. அவர் ஆடி முடித்தவர், அர்ஜுனா விருது அவரிடம் இருக்கிறது. அடிபடுவது இங்கே ஏழாம் வகுப்பு படிக்கும் நெட்டைப் பெண். பி.இ.டி. வாத்தியார் அவளை உயரத்துக்காக அணியில் சேர்ப்பார். சேர்த்த மறுநாளே, "நீ ரீபவுண்ட் மட்டும் எடுத்துக் குடுமா, போடுறத அவ பாத்துக்குவா" என்பார். அவள் தைரியமாக எறிந்து இரண்டு தவறிவிட்டால் வரிசையிலிருந்து "ஹீரோயினு நெனப்பு" என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த ஆட்டத்தில் அவள் பந்து கைக்கு வந்ததும் தள்ளிவிடுவாள். பத்தாம் வகுப்பு வந்ததும் வீட்டில் ஆட்டத்தை நிறுத்திவிடுவார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள். புள்ளி எடுக்கும் ஆசையை ஆணவம் என்று சொல்லிச் சொல்லி முளையிலேயே கிள்ளிவிட்டு, இந்தியாவுக்கு ஏன் இன்னொரு கீது வரவில்லை என்று கேட்கிறோம். புள்ளி எடுப்பது ஒரு கைத்தொழில். எறிந்து, தவறி, திட்டு வாங்கி, மறுபடி எறிந்துதான் வரும். தவறவே கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு அது வராது.

எனவே திண்டுக்கல் வட்டாரத்தில் போட்டி நடத்துகிற மன்றத்துக்காரர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த போட்டியில் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடுங்கள். விவரம் தெரிந்த பழைய ஆட்டக்காரர் ஒருவரை உட்கார வைத்து, கையில் ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். ஒவ்வொரு பெண்ணும் எத்தனை எறிந்தாள், எத்தனை விழுந்தது, எத்தனை ரீபவுண்ட், எத்தனை அசிஸ்ட் என்று நான்கு கட்டம் போட்டு அவர் எழுதட்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தத் தாளை இரண்டு அணிப் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள், தோற்ற அணிக்கு முதலில்.